அமெரிக்காவும் துப்பாக்கியும்: ஊரிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

டெக்சாஸில், டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். அமெரிக்காவில் எங்கேயாவது துப்பாக்கிச் சூடு என்று டி.வி.யில் ஓடினால் போதும், மதுரையிலிருந்து மாமா கூப்பிட்டுவிடுவார். சம்பவம் நடந்த ஊர் எங்களிடமிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் "பிள்ளைங்க வீட்லதானே?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பிறகு வருகிற கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் போனில் அரைகுறையாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் வக்கீலும் இல்லை, ஆராய்ச்சியாளனும் இல்லை. இங்கே குடியிருக்கிற, ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற ஆள், அவ்வளவுதான்.

அங்கே எல்லோர் வீட்டிலும் துப்பாக்கி இருக்குமாமே?

இல்லை. ஊரில் யாரும் நம்பாத பதில் இதுதான். பியூ ஆய்வு மையம் 2023-இல் கேட்டபோது, எனக்குச் சொந்தமாகத் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னவர்கள் வயது வந்தவர்களில் சுமார் 32 சதவீதம். வீட்டில் வேறு யாரிடமாவது இருப்பதையும் சேர்த்தால் பத்தில் நாலு பேர். ஆனால் ஆட்களை விட்டுவிட்டுத் துப்பாக்கிகளை எண்ணினால் கதையே வேறு. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற அமைப்பு 2018-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இங்கே பொதுமக்கள் கையில் 39.3 கோடி துப்பாக்கிகள் இருக்கின்றன, அப்போது மக்கள்தொகையே 33 கோடிக்குள்தான். நூறு பேருக்கு 120 துப்பாக்கி. நாடுகளை மட்டும் எடுத்தால் அந்தப் பட்டியலில் அடுத்த இடம் உள்நாட்டுப் போரில் கிடந்த ஏமனுக்கு, அங்கேகூட நூறு பேருக்கு 53-தான்.

அதாவது வைத்திருப்பவர்கள் ஒன்றோடு நிறுத்துவதில்லை. எங்கள் தெருவில் யார் யாரிடம் இருக்கிறது என்று எனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்த மூன்று பேரில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், இன்னொருவர் தேவாலயத்தில் பியானோ வாசிக்கிற பாட்டி. சினிமாவில் வருகிற மாதிரி யாரும் இல்லை.

எதற்குத்தான் வைத்துக்கொள்கிறார்கள்? வேட்டைக்கா?

முன்பெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான். 1990-களின் கடைசி வரை காரணம் கேட்டால் வேட்டை என்றவர்கள்தான் அதிகம். 2023-இல் 72 சதவீதம் பேர் "பாதுகாப்பு" என்பதைத்தான் முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். இந்த மாற்றம் தற்செயலாக நடந்ததில்லை, கீழே வருகிறேன்.

வேட்டைக்காரர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பென்சில்வேனியாவில் மான் வேட்டை சீசன் தொடங்கும்போது பல பள்ளிகளுக்கு லீவே விடுகிறார்கள். 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைபிள், தோட்டா விற்பனையில் 11 சதவீத வரி பிடித்து வனவிலங்குப் பாதுகாப்புக்குக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் அப்பா மகனை மீன் பிடிக்கக் கம்மாய்க்குக் கூட்டிப்போகிற மாதிரியான விஷயம் அது. நான் பேசப்போகும் துப்பாக்கி மோகம் அந்த வகை இல்லை.

அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

ஆமாம். 1791-இல் நிறைவேறிய இரண்டாவது திருத்தம். ஆங்கிலத்தில் மொத்தமே 27 வார்த்தை. ஒழுங்குபடுத்தப்பட்ட குடிப்படை ஒன்று சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று தொடங்கி, ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையில் கை வைக்கக்கூடாது என்று முடிகிறது. முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் என்ன உறவு என்பதில்தான் எல்லாச் சண்டையும். தனி மனிதன் தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது இந்தத் திருத்தம் காக்கும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008-இல்தான், அதுவும் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில். அதாவது ஏதோ 230 வருஷமாகக் கேள்வியே இல்லாமல் இருந்து வரும் உரிமை என்று பேசுகிறவர்கள் பாதிக் கதையை விட்டுவிடுகிறார்கள். 2022-இல் இன்னொரு தீர்ப்பு வந்து, பொது இடத்தில் தூக்கிக்கொண்டு போகிற உரிமையையும் சேர்த்துக்கொண்டது.

கௌபாய் காலத்திலிருந்தே அப்படித்தானே? இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் யாரும் வெளியே வரமாட்டார்களாமே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் எனக்கு ருசி அதிகம். ஏனென்றால் நானும் சின்ன வயதில் அப்படித்தான் நம்பினேன், அரையாண்டு லீவில் படித்த சித்திரக்கதைகள் அத்தனையிலும் அப்படித்தான் இருந்தது.

கன்சாஸில் டாட்ஜ் சிட்டி என்று ஒரு ஊர். மாட்டு மந்தை ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் வந்து தங்கும் இடம், கௌபாய் கதைகளுக்குத் தலைநகரம் மாதிரி. 1870-களில் எடுத்த புகைப்படம் ஒன்று இருக்கிறது: நடுத்தெருவில் பெரிய பலகை, அதில் துப்பாக்கி எடுத்துச் செல்வது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கிறது. ஊருக்குள் வந்தால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும், கிளம்பும்போது வாங்கிக்கொள்ளலாம். கோயில் வாசலில் செருப்பு விடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரிசோனாவில் டூம்ஸ்டோன் என்ற இன்னொரு ஊர். 1881 அக்டோபர் 26 அன்று அங்கே நடந்த ஓ.கே. கொரால் சண்டையை வைத்து எத்தனை படம் வந்திருக்கிறது என்று எண்ணி மாளாது. அரை நிமிஷம் நடந்த சண்டை, மூன்று பேர் செத்தார்கள். அது ஏன் தொடங்கியது தெரியுமா? ஊருக்குள் ஆயுதம் தாங்கக்கூடாது என்ற நகராட்சி விதியை மீறியவர்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கப் போனார் ஊர்க் காவல் தலைவரான மார்ஷல் வர்ஜில் எர்ப், தம்பிகளோடு. அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டையே துப்பாக்கிக் கட்டுப்பாட்டை அமல்படுத்தப் போய் வந்த சண்டை! இதை எங்கள் ஆபீஸில் டெக்சாஸ்காரர் ஒருவரிடம் சொன்னேன். பத்து நிமிஷம் போனில் தேடிப் பார்த்துவிட்டு "ஹும்" என்றார்.

அப்படியானால் நம் தலைக்குள் இருக்கும் அந்த மேற்கு எங்கிருந்து வந்தது? விற்பனையிலிருந்து. சாமுவேல் கோல்ட் 1836-இல் ரிவால்வருக்குக் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கி செய்வதைப் போலவே அதைப் பேச வைப்பதிலும் அவர் கெட்டிக்காரர். ஜார்ஜ் காட்லின் என்ற பிரபல ஓவியரைப் பிடித்து, அவர் கோல்ட் துப்பாக்கியோடு வேட்டையாடுகிற மாதிரிப் படங்கள் வரைய வைத்தார். ராஜாக்களுக்கும் தளபதிகளுக்கும் பூ வேலைப்பாடு செய்த ரிவால்வர்களைப் பரிசாக அனுப்பினார். இன்று இன்ஃப்ளூயன்சர் வைத்துச் செய்வதை அவர் அப்போதே செய்துவிட்டார். 1883-இல் பஃபலோ பில் என்பவர் கௌபாய், செவ்விந்தியர், குதிரை, துப்பாக்கி எல்லாவற்றையும் சேர்த்து சர்க்கஸ் மாதிரி ஒரு காட்சி தொடங்கி ஊர் ஊராகப் போனார், ஐரோப்பா வரைக்கும். 1903-இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ரயில் கொள்ளைப் படத்தில் கொள்ளையன் கேமராவைப் பார்த்து, அதாவது பார்வையாளர்களைப் பார்த்தே சுடுகிறான். வின்செஸ்டர் கம்பெனி தன் 1873 மாடலை "மேற்கை வென்ற துப்பாக்கி" என்று விளம்பரம் செய்தது, அந்த மேற்கெல்லாம் முடிந்து ரயிலும் தபாலாபீஸும் வந்த பிறகு, இருபதாம் நூற்றாண்டில். நிஜத்தில் மாடு மேய்த்தவனுக்கு நாள் முழுக்க வேலி கட்டுவதும் வயிற்றுப்போக்குமாகத்தான் கழிந்திருக்கும். அதை யார் டிக்கெட் வாங்கிப் பார்ப்பார்கள்?

என்.ஆர்.ஏ. என்கிறார்களே, அவர்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணமா?

எல்லாவற்றுக்கும் இல்லை, ஆனால் பெரிய பங்கு உண்டு. தேசிய ரைபிள் சங்கம் 1871-இல் ஆரம்பித்தது. உள்நாட்டுப் போரில் தங்கள் சிப்பாய்கள் குறி பார்த்துச் சுடத் தெரியாமல் திண்டாடியதைப் பார்த்த வடக்குப் படை அதிகாரிகள், குறிபார்க்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய சங்கம். 1934-இல் இயந்திரத் துப்பாக்கிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது அதன் தலைவர் கார்ல் ஃபிரெடரிக் நாடாளுமன்றக் குழு முன் சொன்னது: கண்டவர்களும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு திரிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதைக் கடுமையாகக் கட்டுப்படுத்தி லைசென்ஸ் இருந்தால் மட்டும் என்று வைக்க வேண்டும். இன்றைக்கு அந்தச் சங்கத்தின் மாநாட்டில் யாராவது இதைச் சொன்னால் உயிரோடு திரும்புவாரா தெரியவில்லை (விளையாட்டுக்குச் சொன்னேன்).

மாறியது 1977-இல். தலைமையகத்தைக் கொலராடோவுக்கு மாற்றி வேட்டை, முகாம் என்று போகலாம் என்று பழைய தலைமை நினைத்துக்கொண்டிருந்தபோது, சின்சினாட்டி மாநாட்டில் ஹார்லன் கார்ட்டர் கோஷ்டி ராத்திரியோடு ராத்திரியாக அவர்களைத் தூக்கிவிட்டுச் சங்கத்தைப் பிடித்தது. அதற்குப் பிறகு அது அரசியல் சங்கம். 2000-இல் அதன் தலைவராக இருந்த நடிகர் சார்ல்டன் ஹெஸ்டன், திரையில் மோசேயாக நடித்தவர், மேடையில் ஒரு பழங்காலத் துப்பாக்கியை உயர்த்திப் பிடித்து, என் சில்லிட்டுப் போன செத்த கையிலிருந்துதான் எடுக்க முடியும் என்று முழங்கினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். கையில் கோலோடு நின்ற தீர்க்கதரிசியின் தோரணை அப்படியே.

இதில் ஒரு கிளைக்கதை. 1967 மே மாதம் பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் துப்பாக்கிகளோடு கலிஃபோர்னியா சட்டசபைக் கட்டடத்துக்குள் நடந்து போனார்கள். அப்போதைய சட்டப்படி துப்பாக்கியைத் தெரியும்படி தூக்கிப் போவது குற்றமே இல்லை. கறுப்பு இளைஞர்கள் கையில் அதைப் பார்த்ததும், குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் தூக்கிப் போகத் தடை என்று அதே வருஷம் சட்டம் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்ட் ரீகன், பின்னாளில் துப்பாக்கிக்காரர்களின் செல்லப்பிள்ளை. சுதந்திரத்தின் சின்னம் என்று கொண்டாடும்போது யாருடைய கையில் இருக்கிற துப்பாக்கி என்பதும் கணக்கில் வருகிறது.

இந்த ஏ.ஆர்.-15 என்பது என்ன? எப்போதும் அதன் பெயர்தான் அடிபடுகிறது.

ஆர்மலைட் என்ற கம்பெனியில் யூஜீன் ஸ்டோனர் 1950-களின் கடைசியில் வடிவமைத்த ரைபிள். ராணுவம் எடுத்துக்கொண்டு எம்-16 ஆக்கியது, பொதுமக்களுக்கான வடிவத்தை கோல்ட் கம்பெனி 1960-களில் விற்க ஆரம்பித்தது. ரொம்ப வருஷம் அதைச் சீந்த ஆளில்லை. மான் வேட்டைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1994-இலிருந்து 2004 வரை அந்த மாதிரி ரைபிள்களைப் புதிதாக விற்க மத்திய அரசின் தடை இருந்தது. தடை காலாவதியானது, இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தன, அப்போதுதான் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பாதுகாப்பு என்ற காரணம் வேட்டையை முந்தியதும் இந்த வருஷங்களில்தான்.

விளம்பரங்களைப் பார்த்தால் எதை விற்றார்கள் என்று புரியும். புஷ்மாஸ்டர் கம்பெனி தன் ரைபிள் படத்தைப் போட்டுக் கீழே எழுதிய வாசகம்: உங்கள் ஆண்பிள்ளை அட்டை திரும்ப வழங்கப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு மாதிரி ஆண்மைக்கு ஒரு கார்டு, அது பறிபோய்விட்டதாம், இதை வாங்கினால் திரும்பக் கிடைக்குமாம். 2012 டிசம்பரில் கனெக்டிகட்டில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்றவன் கையில் இருந்தது புஷ்மாஸ்டர் ரைபிள். துப்பாக்கிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட முடியாதபடி 2005-இல் ஒரு சட்டம் இருக்கிறது. அதனால் அந்தப் பெற்றோர் சாமான் மேல் வழக்குப் போடாமல் விளம்பரத்தின் மேல் போட்டார்கள், இளைஞர்களைக் குறிவைத்து இப்படி விற்றது தவறு என்று. ஒன்பது குடும்பங்களுக்கு 7.3 கோடி டாலர் கொடுக்க 2022-இல் தாய்க் கம்பெனியான ரெமிங்டனின் காப்பீட்டாளர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

சின்னப் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. "என் முதல் ரைபிள்" என்ற வாசகத்தோடு க்ரிக்கெட் என்று பெயர் வைத்து, பிங்க் கலரிலும் நீலத்திலும் நிஜ ரைபிள், நிஜத் தோட்டா. 2013-இல் கென்டக்கியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் தனக்குப் பரிசாகக் கிடைத்த அந்த ரைபிளால் இரண்டு வயதுத் தங்கையைச் சுட்டுவிட்டான், தெரியாமல்.

சினிமாவும் வீடியோ கேமும்தான் கெடுக்கிறது என்று எங்கள் வாட்சப் குரூப்பில் சொல்கிறார்கள்.

இங்கேயும் அதையேதான் சொல்கிறார்கள், குறிப்பாகத் துப்பாக்கியைப் பற்றிப் பேச விரும்பாதவர்கள். ஜப்பானிலும் தென் கொரியாவிலும் இதே கேம்களை இன்னும் வெறியோடு விளையாடுகிறார்கள், அங்கே துப்பாக்கியால் சாகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாசசூசெட்ஸிலும் மிசிசிப்பியிலும் ஒரே ஹாலிவுட் படங்கள் ஒரே வெள்ளிக்கிழமை ரிலீஸ் ஆகின்றன. ஆனால் மிசிசிப்பியில் துப்பாக்கிச் சாவு விகிதம் பல மடங்கு அதிகம். படத்தைப் பார்த்துவிட்டு வந்த கைக்குத் துப்பாக்கி எட்டுகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

அதற்காகப் படங்கள் அப்பாவி என்று சொல்ல மாட்டேன். பி.ஜி.-13 என்ற சான்றிதழ் 1984-இல் வந்தது, பதிமூன்று வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கவனிக்கவும் என்று பொருள். 1985-க்குப் பிறகு அந்த வகைப் படங்களில் துப்பாக்கி வன்முறை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது என்று 2013-இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சுடலாம், நூறு பேர் விழலாம், ரத்தம் மட்டும் தெரியக்கூடாது. எனக்கு அந்த ரத்தமில்லாமைதான் உறுத்துகிறது. தோளில் குண்டு பட்ட ஹீரோ அடுத்த சீனில் அதே தோளால் கதவை உடைக்கிறார். நிஜத்தில் அந்தத் தோள் ஆறு ஆபரேஷனுக்குப் பிறகும் டம்ளரைத் தூக்குமா என்பது சந்தேகம். குண்டு பட்டுப் பிழைத்தவரின் மருத்துவமனை பில், சிறுநீர்ப் பை, தூக்கமில்லாத ராத்திரி எதுவும் எந்தப் படத்திலும் வருவதில்லை.

நம் படங்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்?

ஒன்றும் வாழவில்லை. அரிவாளிலிருந்து இப்போது எந்திரத் துப்பாக்கிக்கு வந்துவிட்டோம், ஹீரோ ஸ்லோ மோஷனில் சுட்டுத் தள்ளினால் தியேட்டரில் விசில் பறக்கிறது. ஆனால் விசிலடித்த தம்பி வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் ஒன்று வாங்கிக்கொண்டு போக முடியாது. 1959 ஆயுதச் சட்டம் இருக்கிறது, லைசென்ஸுக்கு அலைய வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். இங்கே பெரிய விளையாட்டுச் சாமான் கடைகளில் கூடாரம், தூண்டில், கிரிக்கெட் மட்டை மாதிரி பேஸ்பால் மட்டை, அதைத் தாண்டினால் ரைபிள்.

சரி, வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள்? எல்லாம் பள்ளிக்கூடங்களில்தானா?

2021-இல் 48,830 பேர். அதற்குப் பிறகு கொஞ்சம் குறைந்திருக்கிறது, 2023-இல் 46,000-த்துச் சொச்சம். இதில் பள்ளி, மால், கச்சேரி என்று டி.வி.யில் வருகிற கூட்டக் கொலைகள் மிகச் சிறிய பங்கு. பாதிக்கு மேல் தற்கொலை. 2023-இல் மட்டும் 27,000 பேருக்கு மேல்.

இதை நான் சொன்னால் மாமா நம்பவே இல்லை, இரண்டு முறை கேட்டார். இத்தனை படம், இத்தனை விளம்பரம், இத்தனை மேடைப்பேச்சு எல்லாவற்றிலும் துப்பாக்கி எதிரியைப் பார்த்துத்தான் நீட்டப்படுகிறது: திருடன், பயங்கரவாதி, கொடுங்கோல் அரசாங்கம். நிஜத்தில் அது அதிகமாகக் கொல்வது அதை வாங்கி வைத்தவரையும் அவர் வீட்டில் இருப்பவரையும்தான். மொன்டானா, வயோமிங் மாதிரி ஆளரவமற்ற மாநிலங்களில், வேலை போன அல்லது மனைவியை இழந்த நடுவயது ஆண்கள். வேறு வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள், பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி முயல்வதில்லை. துப்பாக்கியால் முயன்றால் கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்பது பேர் போய்விடுகிறார்கள். மனம் மாறுவதற்கு அது நேரம் கொடுப்பதில்லை. இதற்கு எந்த டி.வி. வேனும் வராது. தெருவில் ஒரு ஆம்புலன்ஸ், உள்ளூர்ப் பத்திரிகையில் "திடீரென்று காலமானார்" என்று ஒரு வரி.

கொலைகளிலும் இப்படித்தான். அதில் பெரும்பங்கு ஏழைப் பேட்டைகளில் சாகிற இளம் கறுப்பு ஆண்கள், அதற்கும் கேமரா வருவதில்லை. 2020-இலிருந்து ஒன்று முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி, அதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாகக் கார் விபத்து அந்த இடத்தில் இருந்தது. கார்களுக்கு பெல்ட், காற்றுப் பை, குழந்தை இருக்கை என்று போட்டுப் போட்டுக் குறைத்தார்கள்.

கெட்டவன் கையில் துப்பாக்கி இருந்தால் நல்லவன் கையிலும் இருக்க வேண்டாமா?

சாண்டி ஹூக் நடந்து ஒரு வாரத்தில் என்.ஆர்.ஏ.வின் வேய்ன் லாபியர் சொன்னதும் இதுதான்: துப்பாக்கி வைத்திருக்கும் கெட்டவனைத் தடுக்கத் துப்பாக்கி வைத்திருக்கும் நல்லவனால்தான் முடியும். அப்படி நடந்ததும் உண்டு, மறைக்க மாட்டேன். 2022 ஜூலையில் இண்டியானாவில் ஒரு மாலில் சுட ஆரம்பித்தவனை அங்கே இருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தன் கைத்துப்பாக்கியால் சுட்டு நிறுத்தினார்.

அதற்கு இரண்டு மாசம் முன்னால், மே 24 அன்று, எங்கள் டெக்சாஸிலேயே யுவால்டி என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி. பயிற்சி பெற்ற, சீருடை போட்ட, துப்பாக்கியும் கவசமும் உள்ள நல்லவர்கள் மொத்தம் 376 பேர் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைக்குள் இருந்தது ஒரே ஒருவன். 77 நிமிஷம் உள்ளே போகவில்லை. 19 குழந்தைகள், இரண்டு ஆசிரியைகள். உள்ளேயிருந்து பிள்ளைகள் போன் செய்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம், யார் நல்லவன் என்பதை யார் முடிவு செய்வது? 1992-இல் லூசியானாவில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஒருவன் ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகும்போது தவறான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். வீட்டுக்காரர் "ஃப்ரீஸ்" என்று கத்தினார், அவன் நிற்கவில்லை, சுட்டுவிட்டார். வழக்கில் ஜூரி அவரை விடுவித்தது. அவரும் தன்னை நல்லவனாகத்தான் நினைத்திருப்பார். இந்தியாவிலிருந்து வருகிற மாணவர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்கிறேன்: முகவரி சந்தேகமாக இருந்தால் கதவைத் தட்டாதே, தெருவிலிருந்து போன் பண்ணு.

அரசியல்வாதிகள் வாயே திறக்க மாட்டார்களா?

திறப்பார்கள். "எங்கள் எண்ணங்களும் பிரார்த்தனைகளும்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, அச்சுக் கோர்த்து வைத்த மாதிரி. 2021 நவம்பர் கடைசியில் மிச்சிகனில் ஒரு பள்ளியில் நாலு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாளிலேயே கென்டக்கி எம்.பி. ஒருவர் கிறிஸ்துமஸ் வாழ்த்துப் படம் போட்டார்: குடும்பமே சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு துப்பாக்கி, சாண்டா தோட்டா கொண்டுவாருங்கள் என்று வாசகம். 2023-இல் சில எம்.பி.க்கள் சட்டையில் சின்னதாக ஏ.ஆர்.-15 வடிவப் பின் குத்திக்கொண்டு சபைக்கு வந்தார்கள். நம் ஊர்க் கட்சிச் சின்னம் மாதிரி.

ஜனங்களுக்குக் கட்டுப்பாடு வேண்டாமா?

வேண்டும் என்கிறவர்கள்தான் அதிகம். தனியாரிடம் வாங்கினாலும் பின்னணி சோதனை வேண்டும் என்பதை, துப்பாக்கி வைத்திருப்பவர்களிலேயே பெரும்பான்மை ஆதரிக்கிறது. ஆனால் செனட்டில் சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் ஆளுக்கு ரெண்டு ஓட்டு, எதையாவது நகர்த்த நூற்றில் அறுபது வேண்டும். சாண்டி ஹூக் நடந்து நாலே மாசத்தில் அந்தச் சோதனை மசோதா 54 ஓட்டு வாங்கியது, தோற்றது. யுவால்டிக்குப் பிறகு 2022-இல் ஒரு சின்னச் சட்டம் நிறைவேறியது, 21 வயதுக்குக் கீழே வாங்குகிறவர்களைக் கூடுதலாகச் சோதிப்பது போன்றவை. கிட்டத்தட்ட முப்பது வருஷத்தில் அதுதான் பெரியது.

கடைக்குள், ஹோட்டலுக்குள் துப்பாக்கியோடு வருவார்களா?

டெக்சாஸில் வரலாம். 2021 செப்டம்பரிலிருந்து, தகுதியுள்ள 21 வயதானவர்களுக்கு லைசென்ஸ்கூட வேண்டாம். வேண்டாம் என்கிற கடைக்காரர் வாசலில் போர்டு வைக்க வேண்டும். 30.06 என்ற சட்டப் பிரிவு எண் போட்டிருந்தால் லைசென்ஸ் உள்ளவரும் மறைத்துக்கூடக் கொண்டு வராதே, 30.07 என்றால் வெளியே தெரியும்படி கொண்டு வராதே. மது விற்பனையே பிரதான வருமானமாக உள்ள இடத்தில் சிவப்பாக 51% என்று ஒரு போர்டு, உள்ளே துப்பாக்கி கூடாது என்று அர்த்தம். நான் வந்த புதிதில் ஏதோ தள்ளுபடி என்று நினைத்துவிட்டேன்.

நம் ஆட்கள் வாங்குகிறார்களா?

எச்-1பி போன்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடாது. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம், வாங்குகிறார்கள். நண்பர் ஒருவர் வீட்டு ஆயுத பூஜைக்குப் போயிருந்தேன். லேப்டாப், கார் சாவி, மிக்ஸி, அதற்கு நடுவில் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு கைத்துப்பாக்கி. "பேரே ஆயுத பூஜைதானே" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அவர் மனைவி சிரிக்கவில்லை.

லாஸ் வேகாஸ் வந்தால் மெஷின் கன் சுட்டுப் பார்க்கலாமாமே?

பார்க்கலாம், டூர் பேக்கேஜிலேயே வருகிறது. 2014-இல் வேகாஸ் போகிறவர்கள் வந்து சுடும் அரிசோனா மைதானம் ஒன்றில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை கையில் ஊசி (Uzi) துப்பாக்கியைக் கொடுத்தார்கள், நம் மருந்து ஊசி இல்லை, இஸ்ரேலில் உருவான எந்திரத் துப்பாக்கி. அது எகிறி, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தவர் செத்துப்போனார். என்னைக் கூப்பிடாதீர்கள், நான் பஃபேக்கு மட்டும் வருகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?

லாக்டவுன் டிரில். தீயணைப்புப் பயிற்சி மாதிரி வருஷத்துக்குச் சில முறை. விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, ஜன்னலுக்குத் தெரியாத மூலையில் சத்தமில்லாமல் உட்கார வேண்டும். என் பெண் ஒன்றாம் வகுப்பில் முதல் முறை செய்துவிட்டு வந்து, "நான்தான் அசையாம இருந்தேன், மிஸ் ஸ்டிக்கர் கொடுத்தாங்க" என்று காட்டினாள். பட்டாம்பூச்சி ஸ்டிக்கர். எதற்காக ஒளிந்தீர்கள் என்று கேட்டேன். "ரக்கூன் வந்தா" என்றாள், இங்கே குப்பைத்தொட்டியைக் கிளறுகிற ஒரு விலங்கு. அந்த ஆசிரியைக்கு அதைவிட நல்ல பதில் என்ன இருந்திருக்கும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. இப்போது அவள் ஆறாம் வகுப்பு, ரக்கூன் இல்லை என்று தெரியும்.

பிள்ளைகளைச் சிநேகிதர் வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது அங்கே துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கலாமா? தப்பாக நினைக்க மாட்டார்களா?

கேட்கலாம், கேளுங்கள். குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். எனக்கு முதல் தடவை நாக்கு எழவே இல்லை, வேர்க்கடலை அலர்ஜி பற்றிப் பேசிவிட்டு, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன். அந்த அம்மா கொஞ்சம்கூட முகம் சுளிக்கவில்லை. "நாலு இருக்கிறது, கராஜில் இரும்புப் பெட்டியில், குண்டு தனியாக, நம்பர் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும், வந்து பார்க்கிறீர்களா?" என்றார். போய்ப் பார்த்தேன். வெளியே வரும்போது, "உங்கள் வீட்டில்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நாய்?" என்றார், அவர் மகனுக்கு நாய் என்றால் பயமாம்.